பைக்கில் சைடு கேரியரும் பையும் வீட்டிலேயே மாட்டுவது: டெல்டா ரோட்டுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் ஏதாவதொரு கடைத்தெருவில் காலையில் நின்று பார்த்தால், பைக்கில் ஏறாத சாமானே இல்லை என்று தோன்றும். ராஜகிரி வெற்றிலைக் கட்டு, வாழை இலை, திருபுவனத்துச் சேலை மூட்டை, நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்டு வரும் மீன் பெட்டி, பால் கேன், உர மூட்டை. பெரும்பாலும் எல்லாமே சீட்டின் மேல் ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டியவை. கனம் உயரத்திலும் பின்னாலும் போய்விடுவதால், ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது ஹேண்டில் லேசாகிறது, மதகுப் பாலத்தின் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. அதே சாமானை இரண்டாகப் பிரித்து, பின் சக்கரத்துக்கு இருபுறமும் கீழே தொங்கவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். அதற்குத்தான் சைடு கேரியரும், பேனியர் என்கிற சைடு பையும்.

இந்த வேலைக்கு மெக்கானிக் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்கலாம். ஆனால் ஒன்றை மனதில் ஆழமாக வைத்துக்கொள்ள வேண்டும்: பைக்குள் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் கடைசியில் வண்டியின் எலும்புக்கூடான சேசிஸில் போய் இறங்க வேண்டும். மட்கார்டிலோ பிளாஸ்டிக் பேனலிலோ இண்டிகேட்டர் தண்டிலோ இறங்கக் கூடாது. உடைந்து நிற்கும் கேரியர்களைக் கவனித்துப் பாருங்கள். குழாய் நடுவில் ஒடிந்திருப்பது அபூர்வம். வண்டியோடு சேரும் இடத்தில்தான் போல்ட்டு அறுந்திருக்கும், பிளேட் கிழிந்திருக்கும், மரை போயிருக்கும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

முதலில் கணக்கு

வண்டியோடு வந்த மேனுவலை எடுத்து, அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். 100 முதல் 125 சிசி வரையுள்ள வண்டிகள் பலவற்றில் இது 130 கிலோவை ஒட்டி இருக்கும். இந்த 130 கிலோ சாமானுக்கு மட்டும் கொடுத்ததல்ல. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், சாமான், கூடுதலாக மாட்டிய கேரியர் எல்லாம் சேர்ந்தது. 70 கிலோ ஆள் ஓட்ட, 55 கிலோ ஆள் பின்னால் உட்கார்ந்தால் 125 ஆகிவிட்டது. இரும்புக் கேரியர் ஒரு சோடியே 4 முதல் 6 கிலோ வரும். இரண்டு பேர் போகும்போது சைடு பையில் ஏற்ற உண்மையில் இடமே மிச்சமில்லை. தனியாகப் போகும்போதுதான் சைடு பை வேலைக்கு ஆகும். நெல் சிப்பம் 40 கிலோ. அதை ஒரு பக்கக் கேரியரில் தொங்கவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. சைடு கேரியரில் ஒரு பக்கத்துக்கு 5 முதல் 8 கிலோ என்பதுதான் சின்ன வண்டிக்கு நான் சொல்லும் அளவு. பெரிய வண்டிக்குக் கேரியர் செய்தவர் ஓர் அளவு கொடுத்திருப்பார், அதைத் தாண்ட வேண்டாம்.

வண்டியில் எங்கே பிடிமானம் இருக்கிறது

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பின்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். கேரியர் ஒவ்வொரு பக்கமும் மூன்று இடத்தில் பிடித்திருக்க வேண்டும், இரண்டு பக்கத்தையும் பின்னால் ஒரு குறுக்குப் பட்டை இணைக்க வேண்டும். இரண்டே இடத்தில் பிடித்தது கதவுக் கீல் மாதிரி ஆடும். மூன்றாவது பிடிதான் அந்த ஆட்டத்தை நிறுத்தும். குறுக்குப் பட்டை இல்லாவிட்டால் பை நிறைந்தவுடன் இரண்டு பக்கமும் உள்ளே மடங்கிச் சக்கரத்தை நோக்கிப் போகும்.

ஸ்பிளெண்டர், ஷைன், கிளாசிக் 350 மாதிரி இரண்டு ஷாக் உள்ள வண்டிகளில், ஷாக்கின் மேல் முனை உட்காரும் ஸ்டட், அதாவது மரை போட்ட தண்டு, நல்ல பிடி. அது சேசிஸிலேயே இருக்கிறது. இரண்டாவது பிடி சீட்டுக்குப் பின்னாலுள்ள கைப்பிடிக் கம்பியான கிராப் ரெயிலின் போல்ட்டுகள். மூன்றாவது, பின்சீட்டுக்காரரின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டு. எஃப்இசட், எக்ஸ்பல்ஸ் மாதிரி நடுவில் ஒற்றை ஷாக் உள்ள வண்டிகளில் பக்கவாட்டு ஸ்டட் கிடையாது. கிராப் ரெயிலும் ஃபுட்ரெஸ்ட்டும்தான் கதி, ஆகவே குறுக்குப் பட்டை இன்னும் முக்கியம். டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை: அந்த வண்டி சுமைக்கென்றே பிறந்தது, பின்னால் கேரியர் கம்பெனியிலிருந்தே வருகிறது, சைடு பையை அதன் மேலிருந்தே தொங்கவிடலாம்.

கடையில் வாங்குவதா, பட்டறையில் செய்வதா

உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த கேரியர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஓட்டைகள் சரியான இடத்தில் இருக்கும், வளைவுகள் ஷாக்கைத் தொடாமல் ஒதுங்கியிருக்கும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நீள்துளை வைத்திருப்பார்கள். ஆட்டத்தில் போல்ட்டு அந்தத் துளையிலேயே நழுவும்.

பழைய மாடல் வண்டிக்குக் கிடைக்காது. அப்போது வெல்டிங் பட்டறைதான். தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் டிராக்டர் கலப்பையும் டிரெய்லரும் செய்கிற பட்டறைகள் உண்டு. அவர்களுக்கு இது சின்ன வேலை. நீங்கள் அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டியின் பக்கத்தில் அட்டையை வைத்து, மூன்று போல்ட்டு இடங்களையும் துளையிட்டு, ஷாக்கும் ஃபுட்ரெஸ்ட்டும் சைலன்சரும் வரும் இடத்தைப் பேனாவால் வரைந்து கொடுங்கள். முக்கால் இஞ்சு எம்.எஸ். பைப், 16 கேஜ் கனம். போல்ட்டு உட்காரும் இடத்துக்கு 5 மி.மீ. ஃபிளாட். "அண்ணே, கெட்டியான ராடுல அடிச்சுக் குடுங்க, அப்பதான் தாங்கும்" என்று கேட்க வேண்டாம். கெட்டி ராடு கனத்தைக் கூட்டுமே தவிர, பிடிமானத்தைக் கூட்டாது.

வெல்டிங் எல்லாம் கேரியரில்தான். சேசிஸில் ஒரு புள்ளி வெல்டு வைக்கவும் விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, வெல்டு வைத்த சூட்டில் சேசிஸ் குழாய் அந்த இடத்தில் பலவீனமாகிவிடும். கேரியரை வண்டியில் வைத்தபடியே புள்ளி வெல்டு வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். முழு வெல்டைக் கழற்றி எடுத்து வைத்து அடிக்கட்டும்.

எடுத்து வைக்க வேண்டியவை

10, 12, 13, 14, 17 ரிங் ஸ்பானர், ஆலன் கீ செட், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், அளவு டேப், கொஞ்சம் நூல், பழைய சைக்கிள் டியூப், கிரீஸ், நீல நிறத் திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை). இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். போல்ட்டுத் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எண் இல்லாத போல்ட்டு வாசல் கேட்டுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. கழற்றும் நட்டுகளை ஒரு தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைத்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது, முக்கியமாகச் சாரி கார்டு

இடது பக்கம் கேரியர் மாட்டப் போனவுடன் சாரி கார்டு குறுக்கே நிற்கும். பலர் அதைக் கழற்றி மாட்டுத் தொழுவத்தில் போட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் ஆள் உட்காரும் வண்டியில் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவதைத் தடுக்கத்தான் அந்த விதி. நம் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு: அறுவடை நேரத்தில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள், திறந்த சக்கரத்தில் அது சுற்றிக்கொள்ளும்.

ஆகவே வழி இரண்டு. கேரியரின் பிளேட்டைச் சாரி கார்டின் மேலேயே உட்காரவைத்து, நீளமான போல்ட்டு போட்டு இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது முதல் வழி. அது முடியாவிட்டால் கேரியரின் உள்பக்கத்தில் நெருக்கமாக நான்கைந்து கம்பி வைத்து வெல்டு அடித்து, கேரியரையே சாரி கார்டாக்குவது. அந்தக் கம்பிகள் இன்னொரு வேலையும் செய்யும்: பை சக்கரத்துக்குள் சாயாமல் தடுக்கும்.

தளர்வாக மாட்டுங்கள்

எல்லாப் போல்ட்டையும் கையாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றுங்கள். ஸ்பானரைத் தொடவே வேண்டாம். ஒன்றை முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசி ஓட்டை நேரே வராது. கேரியரை நெம்பி இழுத்து எப்படியாவது போல்ட்டை நுழைக்கத் தோன்றும். நெம்பி மாட்டிய கேரியர் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இழுப்பு இரும்புக்குள்ளேயே தங்கியிருந்து, ரோட்டு அதிர்வும் சேர, சில மாதங்களில் வெல்டு ஓரத்தில் விரிசலாக வெளியே வரும்.

கேரியர் பிளேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி இருந்தால், போல்ட்டை முறுக்கி அதை மூடப் பார்க்காதீர்கள். இடைவெளியை அளந்துகொண்டு லேத் பட்டறைக்குப் போய் அதே நீளத்துக்கு ஒரு புஷ், அதாவது போல்ட்டு நுழையும் குட்டிக் குழாய், கடைந்து வாங்குங்கள். "தம்பி, எத்தன எம்எம் வேணும்?" என்று கேட்கும்போது, உத்தேசமாகச் சொல்லாமல், இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்த எண்ணைச் சொல்லுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். வாஷரை ஐந்தாறு அடுக்கி இடைவெளியை நிரப்புவதும் வேண்டாம். அவை ஒன்றன் மேல் ஒன்று நழுவும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலை எடுங்கள். டெயில் லேம்ப்பின் நடுவிலிருந்து இரண்டு கேரியரின் வெளி விளிம்பு வரை, பின் ஆக்சில் நுனியிலிருந்து கேரியரின் கீழ்க் குழாய் வரை என இரண்டு அளவு. இரண்டு பக்கமும் ஒத்துப் போக வேண்டும். சைலன்சர் பக்கம் கேரியரைக் கொஞ்சம் வெளியே தள்ளிச் செய்திருந்தால் அந்த வித்தியாசம் இருக்கும், பரவாயில்லை. அந்தப் பக்கத்துப் பையை அகலம் குறைந்ததாக வாங்கிக்கொள்ளலாம்.

ஷாக் ஸ்டட்: இங்கே அவசரம் கூடாது

இரண்டு ஷாக் உள்ள வண்டியில், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து மேல் நட்டைத்தான் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பின்பக்கத்தைத் தாங்க எதுவும் இருக்காது.

நட்டைக் கழற்றியதும் ஸ்டட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மேல் 5 மி.மீ. பிளேட்டை வைத்தால் நட்டுக்குக் கிடைக்கும் மரை அந்த 5 மி.மீ. அளவுக்குக் குறையும். எம்10 (10 மி.மீ. கனமுள்ள) ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ. என்றால் நான்கு மரை போய்விட்டது என்று அர்த்தம். நட்டை முழுக்க முறுக்கிய பிறகு ஸ்டட்டின் நுனி நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மரையாவது தெரிய வேண்டும். கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் தொப்பி நட்டு. அதற்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே திறந்த நட்டைப் போட்டு முதலில் பாருங்கள். மரை போதாவிட்டால் அந்த இடத்தில் பிளேட்டை 3 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். அல்லது ஸ்டட் மேல் ஏறும் நீள நட்டைச் செய்து, அதன் வெளிமுனையில் கேரியருக்கென்று தனி போல்ட்டு போடும் முறைக்குப் போங்கள். மாடலுக்கென்றே விற்கும் கேரியர்களில் இந்த நீள நட்டு கூடவே வரும்.

இன்னொன்று. ஷாக்கின் மேல் கண்ணுக்குள் ரப்பர் புஷ்ஷும் அதன் நடுவே இரும்புக் குழாயும் இருக்கும். பழைய வாஷரை அப்படியே விட்டு, அதற்கு வெளியேதான் கேரியர் பிளேட் வர வேண்டும். முறுக்கிய பிறகு ஷாக்கைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ரப்பரின் இழுப்போடு லேசாக அசைய வேண்டும். பிளேட் ஷாக்கின் கண்ணை நசுக்கிக் கெட்டியாகப் பிடித்துவிட்டால், குண்டு குழியில் ஷாக் மடங்கும் ஒவ்வொரு முறையும் அது கேரியரையே திருப்பும்.

முறுக்கும் வரிசை

சேசிஸைப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகளை முதலில், இரண்டு பக்கமும் மாறி மாறி, பாதி இறுக்கம் வரை. அடுத்து கிராப் ரெயில். அதற்கடுத்து குறுக்குப் பட்டை. நூலால் இன்னொரு முறை அளந்துவிட்டு, அதே வரிசையில் முழு இறுக்கம்.

8.8 தர எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8 போல்ட்டுக்கு 22 முதல் 25 வரை போதும். ஷாக் நட்டுக்கு மேனுவலில் உள்ள அளவு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 15 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் 15 கிலோ அளவுக்கு இழுத்தால் 22 வரும். ஸ்பானரில் பைப் சொருகி நீளம் கூட்டி முறுக்குவதை விட்டுவிடுங்கள். அதில்தான் எம்6 போல்ட்டு அறுந்து உள்ளேயே நின்றுவிடும்.

திரெட்லாக்கர் போடும் முன் மரையில் எண்ணெய் இல்லாமல் தின்னரால் துடைத்துக் காயவிடுங்கள். இரண்டு சொட்டு போதும். நீலம்தான், சிவப்பு போட்டால் பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். முழுப் பிடி வர 24 மணி நேரம் ஆகும், ஆகவே அன்றைக்கே சாமான் ஏற்றாதீர்கள். பின்பக்கம் நட்டு போட இடம் உள்ள எல்லா இடத்திலும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போடுங்கள், அதற்குத் திரெட்லாக்கர் வேண்டாம். பழைய நைலாக் நட்டு விரலாலேயே கடைசி வரை சுற்றினால் அதன் வேலை முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் நெயில் பாலிஷ் இருந்தால் வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் பக்கத்துப் பிளேட் வரை ஒரு நேர்க் கோடு இழுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து விலகி நிற்கும். பெட்ரோல் போட நிற்கும் நேரத்தில் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் எல்லா நட்டின் நிலவரமும் தெரிந்துவிடும், ஸ்பானரே வேண்டாம்.

இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும்

பை தொங்கினால் பின் இண்டிகேட்டர் மறையும். பையை மாட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய், நேராகவும் இரண்டு பக்கச் சாய்விலும் நின்று பாருங்கள். மறைந்தால், கேரியரின் பின் முனையில் சின்ன ஃபிளாட் வைத்து இண்டிகேட்டரை நகர்த்துங்கள். ஒயர் நீளம் பத்தாவிட்டால் அதே கனத்து ஒயரை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் டியூப் போட்டு மூடுங்கள். டேப் மட்டும் சுற்றினால் ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கிவிடும். இதே சாக்கில் எல்இடி இண்டிகேட்டர் மாட்டினால் அது வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டும். ஃபிளாஷரையும் எல்இடிக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். நம்பர் பிளேட் முழுதும் தெரிய வேண்டும்.

எந்தப் பை

வெளியூர்ப் பயணத்துக்குப் பளபளவென்று அலுமினியப் பெட்டி மாட்டிய வண்டிகளைப் பார்த்து ஆசை வரும். நம் ஊருக்கு நான் துணிப் பை பக்கம்தான். ஆற்றங்கரைப் படுகை ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க ஒரு அடி இடம்தான் இருக்கும். கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலும் மாயவரம் பட்டமங்கலத் தெருவிலும் பஸ் உரசிக்கொண்டு போகும். பைகளோடு சேர்த்து வண்டியின் அகலம் ஹேண்டில் அகலத்தைத் தாண்டாமல் இருந்தால், முன்னால் நுழைந்த இடத்தில் பின்னாலும் நுழையும் என்று நம்பி ஓட்டலாம். வண்டி சாய்ந்து விழுந்தால் துணிப் பை நசுங்கிக் கொடுக்கும். பெட்டி என்றால் காலைப் பிடித்துக்கொள்ளும்.

மீன், பால், மருந்து என்று தினமும் ஒரே சாமான் கொண்டு போகிறவர்களுக்குப் பெட்டி பொருத்தம்தான். மீன் பெட்டியின் அடியில் ஐஸ் தண்ணீர் வடிய ஒரு குழாய் விட்டு, அது டயரிலோ பிரேக்கிலோ படாத இடத்தில் வெளியே போகும்படி செய்ய வேண்டும். மீன் தண்ணீர் உப்பும் கொழுப்பும் கலந்தது; டயரில் பட்டால் வழுக்கும், ரிம்மில் பட்டால் அரிக்கும்.

துணிப் பை வாங்கும்போது வாயைச் சுருட்டி மூடும் வகை நல்லது. குறைந்தது மூன்று சுற்று சுருட்டினால்தான் தண்ணீர் இறங்காது. ஆகவே மூன்று சுற்றுக்கு இடம் விட்டு நிரப்ப வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம், பையைச் சட்டென்று கழற்ற முடிகிறதா என்பது. நம் வீடுகளில் அம்மாவோ அக்காவோ இடது பக்கம் கால் போட்டு ஒருக்களித்துத்தான் உட்காருவார்கள். இடப் பக்கம் பை இருந்தால் அவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. கேரியர் நிரந்தரமாக நிற்கட்டும், பை மட்டும் இரண்டு பக்கிளில் கழன்று வர வேண்டும். அவர்கள் ஏறுவதற்கு முன் பையைக் கழற்றிவிட்டு, கேரியரின் கூர் முனைகள் காலைக் கிழிக்காமல் ரப்பர் மூடி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சைலன்சர் பக்கம் பைக்கும் சைலன்சருக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். பை நிறைந்ததும் அடி தொங்கும், ஆகவே நிறைத்த பிறகு அளக்க வேண்டும். பைகளோடு வரும் பக்கிள்களில் சில பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கில் செய்தவை, அது 160 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கேரியரில் சைலன்சரைப் பார்த்த பக்கம் ஒரு அலுமினியத் தகட்டை, கேரியரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும்படி புஷ் வைத்து மாட்டினால் கவலையில்லை.

ஓடும்போது எது எதைத் தொடும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பிசைந்த கோதுமை மாவில் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள் செய்து, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கு மேலே, செயின் கவர் மேலே, பையின் உள்பக்கத்துக்கு நேரே டயர் ஓரத்தில் என்று சந்தேகமான இடங்களில் ஒட்டுங்கள். பையில் சாமானை ஏற்றி, இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்து, வண்டியை ஓட்டாமல் நின்ற இடத்திலேயே நன்றாக ஏழெட்டு முறை அமுக்கி எழுப்புங்கள். இறங்கி வந்து உருண்டைகளைப் பாருங்கள். தொடாத உருண்டை அப்படியே இருக்கும். நசுங்கிய உருண்டையை ஒரு தீக்குச்சியால் குத்திக் கனத்தை அளந்தால், எவ்வளவு இடைவெளி மிச்சமிருந்தது என்று தெரிந்துவிடும். 25 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது.

ஏற்றுவது

கொக்கி மாட்டித் தூக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பையையும் தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் 1 கிலோவுக்குள் இருக்கட்டும். கனமான சாமான் பையின் அடியில், முன் ஓரத்தில். துணியும் மழைக்கோட்டும் மேலே. டூல்ஸ், தண்ணீர் பாட்டில், தேங்காய் எல்லாம் பின் ஓரத்தில் போனால், ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் கனம் ஹேண்டிலை லேசாக்கும்.

டயர் காற்று, இரண்டு பேர் போகும்போதுள்ள அளவு. மேனுவலிலோ வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். பின் ஷாக்கின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருந்தால் ஒரு படி ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படி. செயின் தொய்வு பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ.; பை மாட்டி ஆள் உட்கார்ந்த நிலையில் செயின் விறைப்பாக நிற்கவில்லை என்பதைக் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். இரவில் சுவரைப் பார்த்து நிறுத்தி ஹெட்லைட் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். பின்னால் கனம் ஏறினால் வெளிச்சம் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசும்.

முதல் ஓட்டம்

பாதிச் சுமையோடு 20 கிலோமீட்டர். ஸ்பீடு பிரேக்கரும் கப்பி ரோடும் உள்ள வழியாகப் பாருங்கள், நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் ஆடுகிறதா, பிரேக் பிடிக்கும்போது பை முன்னால் நகர்கிறதா, ஏதாவது உலோகச் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஹேண்டில் ஆடினால் பையில் கனத்தைக் குறைப்பதும் முன்னால் நகர்த்துவதும்தான் முதல் மருந்து.

திரும்பி வந்ததும் எல்லா நட்டையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புதிதாக மாட்டிய எந்தப் பிளேட்டும் பெயின்ட் நசுங்கிக் கொஞ்சம் உட்காரும், அதனால் நட்டு தளரும், இது குறையல்ல. முறுக்கிவிட்டுக் கோட்டைப் புதிதாக இழுங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி ஒரு முறை. அதற்குப் பிறகு ஆயில் மாற்றும்போது பார்த்தால் போதும்.

உப்பும் மழையும்

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் ஓட்டுபவர்களுக்குத் துருதான் பெரிய எதிரி. பவுடர் கோட்டிங் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் அடியிலேயே துரு ஓடும். கீறலைக் கண்டவுடன் உப்புத் தாளால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடியுங்கள். குழாயின் திறந்த முனைகளை மூடி, கீழே மிகத் தாழ்ந்த இடத்தில் 4 மி.மீ. ஓட்டை ஒன்று விடுங்கள், உள்ளே சேரும் ஈரம் வடிந்துவிடும். மாட்டும் முன்பே குழாய்க்குள் கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால் உட்புறம் வருஷக்கணக்கில் தாங்கும். அலுமினிய கிராப் ரெயிலில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போட்டால் உப்புக் காற்றில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். அந்த இடத்தில் திரெட்லாக்கருக்குப் பதில் மரையில் கிரீஸ் தடவி, பின்னால் நைலாக் நட்டு போடுங்கள்.

கழுவும்போது வெல்டு ஓரங்களை விரலால் தடவுங்கள். பெயின்ட்டில் மயிரிழை மாதிரி ஒரு துருக் கோடு தெரிந்தால் அது விரிசலின் ஆரம்பம், கேரியரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போய்விடுங்கள். போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி தெரிந்தால் அங்கே இரண்டு இரும்பும் உரசுகின்றன. நட்டைக் கழற்றி, துளை பெரிதாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே திரும்ப முறுக்க வேண்டும்.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் எம்6 இரண்டு, எம்8 இரண்டு, அவற்றுக்கு நைலாக் நட்டு, வாஷர், கொஞ்சம் கட்டுக்கம்பி, 10, 12, 13 ஸ்பானர் போட்டு வையுங்கள். வேதாரண்யம் ரோட்டில் இரவு எட்டு மணிக்குமேல் ஹார்டுவேர்ஸ் கடை எதுவும் திறந்திருக்காது.